கால்வாய்க்குள் நாற்பது கன்றுகள்

ஏரியின் நீர்வரத்தைக் காக்க இன்று காலை கிரிவலப் பாதையில் கூடிய எங்கள் வாட்ஸ்அப் குழு, நாற்பது மரக்கன்றுகளை நட்டுக் கூண்டும் போட்டது.

ஏரிக்குத் தண்ணீர் வரும் கால்வாயின் நடுவில்.

காய்ந்து கிடந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. எனக்கும்தான்.

ஏரியை நம்பி நெல் வைக்கும் ஓர் அக்கா ஆடுகளோடு வந்து நின்றார். "ஏங்க, மலையில பேயுற தண்ணி இது வழியாத்தாங்க ஏரிக்கு வரணும். அடைச்சுட்டீங்களே, நான் எப்படிங்க நடவு நடுறது?"

"மழை வந்தா கன்னுக்குத் தண்ணி ஊத்துற வேல கம்மிதானக்கா," என்றார் அட்மின்.

"ஆமாங்க. ஏரிக்கும் வேல கம்மி."

அவரையும் நிறுத்திப் படம் எடுத்துக் குழுவில் போட்டார் அட்மின்: 'மக்கள் பங்களிப்பு'.

நாளை காலை கன்றுகளைக் கரைக்கு மாற்றப் போகிறேன். கடப்பாரை அக்கா தருகிறார். படம் எடுக்க மாட்டோம். அப்படியும் வருகிறவர்கள் சொல்லுங்கள்.