கரவனுக்குள் ஒரு நிறைகுடம்

கடைசித் தண்ணீர் இறங்கும்போது அந்தக் குழாய் 'களக், களக்' என்று விக்கியது. கரவனுக்குக் கீழே ஈரச் சீமெந்தில் மல்லாந்து கிடந்த அப்பா, விக்கல் முற்றாக ஓயும்வரை காது கொடுத்துக் கேட்டுக்கொண்டேயிருந்தார். அந்தச் சத்தமும், குளிர்பெட்டியைத் துடைத்த வினாகிரியின் புளித்த மணமும், ஒவ்வோர் ஐப்பசியிலும் முதற்குளிர் தொட்டவுடன் எனக்குத் திரும்பி வந்துவிடும். கூடவே அந்தப் பயமும் வரும்.

கரவன் என்றால் காரின் பின்னால் கொளுவி இழுத்துப்போகும் சில்லு வைத்த வீடு. வெள்ளைக்காரர் விடுமுறைக்கு வைத்திருப்பார்கள். நாங்களோ ஜெர்மனியிலிருந்து லண்டனுக்குக் குடிபெயர்ந்தபோது சட்டி பானை தொடக்கம் சாமிப்படம் வரைக்கும் அதற்குள்ளே அடைத்துக்கொண்டு வந்து சேர்ந்தோம். அப்பா அதை ஜெர்மன்காரரைப் போல 'வோன்வாகன்' என்பார். அம்மாவுக்கு அது வெறும் 'வண்டில்'. லண்டனில் செவன் கிங்ஸ் பகுதியில் அம்மாவின் ஒன்றுவிட்ட அண்ணன், எனக்கு மாமா, தம் வீட்டு மேல்மாடியில் இரண்டு அறைகள் தந்திருந்தார். கரவன் கீழே முற்றத்தில் நின்றது. எனக்குப் பதினொரு வயது.

மாமாவின் மகனுக்குச் சித்திரையில் கல்யாணம் என்று முடிவானதும், மாமி தேத்தண்ணி கொடுத்தபடியே, "அதுக்கிடையில ஒரு இடம் பாத்திடுங்கோவன்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டார். வீடு கேட்டு ஏறிய படிகளிலெல்லாம் வெறுங்கையோடு இறங்கினோம். கடைசியில், எசெக்ஸ் பக்கம் ஒரு பண்ணையில் கரவனை நிறுத்தி அதிலேயே குடியிருக்கலாம் என்று அப்பாவோடு பேக்கரியில் வேலை செய்த ஒருவர் வழி காட்டினார். ஆனால் குடியிருக்கும் வளவு சித்திரையில்தான் திறப்பார்களாம். அதுவரை கரவனைப் பூட்டிப் பண்ணையின் பின்புல்வெளியில் விட்டுவைக்கலாம். பக்கத்து வீட்டுக்காரரின் முறைப்பாட்டில் கவுன்சில் கடிதம் வந்து, திங்கட்கிழமைக்குள் முற்றத்தைக் காலி செய்யவும் வேண்டியிருந்தது. எங்களுக்கு இருந்தது அந்த ஒரு ஞாயிறுதான். அந்த வண்டில் பனிக்காலத்தைத் தாண்டினால் எங்களுக்கு வீடு உண்டு, தாண்டாவிட்டால் தெரு என்பது எனக்கும் விளங்கியிருந்தது.

ஜெர்மன் கைநூலை நான் வாசிக்க வாசிக்க அப்பா ஒவ்வொன்றாகச் செய்தார். மெத்தைகளை நிமிர்த்திச் சாய்த்தார், குளிர்பெட்டிக் கதவைச் சற்றே திறந்து வைத்தார், பற்றரியைக் கழற்றினார், குழாய்களைத் திறந்தே விட்டார். இருக்கைக்குக் கீழேயிருந்த தண்ணீர்த் தாங்கியின் அடைப்பைப் பிடுங்கிக் கைகழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்தார். வாய் மட்டும் ஓயாமல் ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தது. "ஒரு சொட்டுத் தண்ணி நிண்டாலும் உறைஞ்சு வெடிக்கும். வெடிச்சால் வீடில்லை."

ஈரத்தை இழுக்க மூலைக்கு மூலை கிண்ணத்தில் உப்பு வைக்கும்படி கைநூல் சொன்னபோது அம்மாவின் முகம் மலர்ந்தது. உப்பில் இருவருக்கும் ஒற்றுமை, தண்ணீரில்தான் சண்டை. உப்பும் தண்ணீரும் இல்லாமல் ஒரு வீட்டைப் பூட்டக்கூடாது என்பது அம்மாவின் வேதம். பித்தளைக் குடத்தை நிரப்பிக்கொண்டுவந்து கரவனுக்குள் வைத்தார். "ஊரை விட்டு ஓடேக்க குடத்தில கிடந்த தண்ணியைப் போத்தில்ல ஊத்திக்கொண்டு, வெறுங்குடத்தை விட்டிட்டு வந்தனான். அதுக்குப் பிறகு எங்களுக்கெண்டு ஒரு வீடு நிலைச்சதே, சொல்லுங்கோ?" என்று அழுதார்.

"விசர்க்கதை கதைக்காதையும்" என்று அப்பா குடத்தைத் தூக்கி முற்றத்தில் கவிழ்த்துவிட்டு, கரவனை இழுக்கச் சிநேகிதரின் ஜீப்பை இரவல் வாங்கிவர இல்ஃபோர்டுக்குப் போனார்.

தெருமுனையில் அவர் மறைந்ததும் அம்மா என் கையைப் பிடித்தார். "குடத்தை வைச்சால்தானே கொப்பாவின்ர கண்ணில படும். தாங்கிக்குள்ள எண்டால் ஆருக்குத் தெரியும்?"

"உறைஞ்சிடும், அம்மா."

"குறையாய் இருந்தால்தான் கூடாது, பிள்ளை. நிறைச்சு வைச்சால் ஒண்டும் ஆகாது."

கைநூலை வாசித்தவள் நான். எது கூடாதென்று அந்த வீட்டில் என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் கிடையாது. ஆனாலும் அம்மா அழுவதைப் பார்க்க ஏலாமல், அந்த அடைப்பை எடுத்து இறுக்கிப் போட்டேன். எட்டு நடை நடந்து, தாங்கியின் வாய் தளும்பத் தளும்ப ஊற்றினோம். அம்மா ஒரு கைப்பிடி மஞ்சள்தூளும் போட்டுக் கும்பிட்டார். நானும் கும்பிட்டேன்.

அப்பா ஜீப்போடு வந்து, ஒன்றும் அறியாமல் கரவனைப் பண்ணைக்கு இழுத்துப்போய் விட்டுவந்தார். அந்த மாரியில் பனி முழங்காலளவுக்குக் கொட்டியது. ஒவ்வொரு காலையிலும் யன்னல் கண்ணாடியில் உறைந்திருந்ததைச் சுரண்டியபடி, சொல்லிவிடலாமா என்று யோசிப்பேன். அம்மா என்னைப் பார்ப்பார். சொல்லமாட்டேன்.

சித்திரையில் அப்பா கரவன் கதவைத் திறந்தபோது உக்கிய மரத்தின் வாடை முகத்தில் அடித்தது. இருக்கையைத் தூக்கினார். தாங்கி மூலைக்கு மூலை பிளந்திருந்தது. கசிந்த தண்ணீர் தரைப்பலகையை ஊறவைத்திருந்ததில் அவருடைய குதி பொதக்கென்று உள்ளே போனது. சுவரெல்லாம் கறுப்பாய்ப் பூஞ்சணம், மெத்தைகளிலும் அதுதான். நிறைகுடம் தளம்பாது என்பார்கள். எங்களுடையது வெடித்தே விட்டது. அப்பா குனிந்து தாங்கியின் அடியில் விரலை விட்டு எடுத்துப் பார்த்தார். விரல் மஞ்சளாக இருந்தது. அதைக் காற்சட்டையில் துடைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல், "நான் அடைப்பைப் பிடுங்க மறந்திட்டன் போல கிடக்கு. என்ர பிழைதான்" என்றார். வெளியே நின்ற அம்மா படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

மோர்டனில் ஒரே அறைக்குள் மூன்று பேருமாக ஒடுங்கினோம். அதற்குப் பிறகும் பூனை குட்டியைக் காவுவதுபோல எத்தனை வீடுகள்! கல்யாண வீடு, பெண்பிள்ளைகளின் சாமத்தியச் சடங்கு எங்கே போனாலும், "ஒரு மூடி திறக்க மறந்து குடும்பத்தையே ரோட்டில விட்ட மனுசன்" என்று சொந்தக்காரர் அப்பாவைப் பகிடி பண்ணுவார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்று அம்மாவும் நானும் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிடுவோம். அம்மா அதன்பிறகு பொங்கலுக்குக்கூட நிறைகுடம் வைக்கவில்லை.

போன புரட்டாதியில் அம்மா காலமானார். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடிந்து ஆட்கள் போனபின், அவர்கள் இருவரும் கடைசியாக இருந்த இல்ஃபோர்ட் பிளாட்டில் அப்பாவும் நானும் மட்டும் சாப்பிட உட்கார்ந்தோம். அன்று காலையில்தான் முதற்பனி விழுந்திருந்தது. என்னால் அதற்குமேல் அடக்க முடியவில்லை.

"அப்பா, அண்டைக்கு நீங்கள் மறக்கேல்லை. அடைப்பைத் திரும்பப் போட்டது நான்."

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டேயிருந்தார். "தண்ணித் தாங்கிக்குள்ள வேற ஆர் பிள்ளை மஞ்சள் போடுறது?"

நான் தண்ணீர்க் கோப்பையை அவர் பக்கம் நகர்த்தினேன். அதைத் தொடாமலே அவர் கேட்டார். "நான் கண்டது கொம்மாவுக்குத் தெரியுமோ?"

"இல்லை அப்பா. கடைசிவரைக்கும் தெரியாது."

"அது காணும். அவ்வளவும் போதும்."

கரவனை அந்தச் சித்திரையிலேயே உடைத்துப்போட்டார்கள். மாமா வீட்டு முற்றத்தில் இப்போது யாருடையதோ கார் நிற்கிறது. அப்பா எழுந்து கை கழுவினார். அலுமாரிக்கு மேல் வருடக்கணக்காய்க் கவிழ்ந்து கிடந்த பித்தளைக் குடத்தை இறக்கி, தூசு போகக் கழுவி, விளிம்பு வரை தண்ணீர் பிடித்து வாசலடியில் கொண்டுபோய் வைத்தார். அதைப் பார்க்க வேண்டியவர்தான் அங்கே இல்லை.