பட்டையில் ஏறிய பெயர்

"என் பேர் இல்லாம இந்தப் பட்டை என் கையை விட்டு எந்தக் கட்டிலுக்கும் போகாது. எமனே வந்து கேட்டாலும் சரி, கியூவுல நிக்கட்டும்!"

இந்தப் பிரகடனம் ஆஸ்பத்திரியின் மாடி வராண்டாவில், தரை துடைக்கும் மாப்பைச் செங்கோல்போல் ஊன்றிக்கொண்டு வெளியிடப்பட்டது. வெளியிட்டவர் பெண்கள் வார்டின் உதவியாளர். நர்சுகள் அவருக்கு வைத்த பட்டப்பெயர் கவர்னர். நிஜக் கவர்னர்களைவிட அவருக்கு அதிகாரம் கொஞ்சம் கூடுதல் என்பதால், அந்தப் பட்டம் அவரைக் குறைத்து மதிப்பிடுகிறது என்று வாதிடும் கட்சியும் வார்டில் உண்டு.

அந்த வராண்டா சுவரில், மனிதகுலத்தைக் காப்பாற்றிய மேதைகள் கண்ணாடிச் சட்டத்துக்குள் வரிசையாகத் தொங்குகிறார்கள். தினமும் அவர்களுக்கு முகம் துடைத்துவிடுவது கவர்னர்தான். பெயர்கள் வாய்க்குள் நுழையாததால் காரியத்தை வைத்தே உறவு கொண்டாடுவார்: தடுப்பூசிக்காரர், ஸ்டெதாஸ்கோப்காரர், எக்ஸ்ரேகாரர். "உலகத்துக்கே சுத்தம் சொல்லிக் கொடுத்தீங்க, உங்க தாடியில எவ்ளோ தூசி பாருங்க" என்று அவர்களை அதட்டும் உரிமை அவருக்கு மட்டுமே இருந்தது. வரிசையின் கடைசியில் ஓர் ஆணி சும்மா நின்றது. காலியான தொகுதியை வேட்பாளர் பார்ப்பதுபோல் கவர்னர் அதைப் பார்ப்பார்.

தகுதியில்லாமல் ஆசைப்பட்டார் என்று யாரும் நாக்குமேல் பல்லைப் போட்டுச் சொல்லிவிட முடியாது. அந்த வார்டில் எழ முடியாத ஒரு நோயாளியைப் புரட்டிப் படுக்கவைக்க நான்கு பேர் வேண்டும். நான்கு பேர் பணியில் இருப்பதாக ஏடுகள் சொல்லும். கட்டிலருகே இரண்டு பேர்தான் நிற்பார்கள். இடுப்பு பிடித்துக்கொண்ட ஒரு நாளில் கவர்னர், கழித்துப்போட்ட ஸ்ட்ரெச்சரின் கித்தான் துணியை வெட்டி, ஓரங்களில் பழைய பைகளின் வாரைக் கைப்பிடியாகத் தைத்தார். நோயாளியின் முதுகுக்கடியில் அதைச் செருகி, இரண்டு பக்கமும் இரண்டு பேர் பிடித்தால் போதும், மலையும் புரண்டு படுக்கும்.

வார்டு கொண்டாடியது. கண்காணிப்பாளரும் கொண்டாடினார். கொண்டாடிய கையோடு சுற்றறிக்கை விட்டார்: இனி எல்லா வார்டுகளிலும் 'தூக்குப் பட்டை, இரண்டாம் வகை' பயன்படுத்தப்படும். முதல் வகை எது என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது. கவர்னரின் பெயர் அதில் எந்த மூலையிலும் இல்லை.

பிரகடனம் பிறந்தது அப்போதுதான். கண்காணிப்பாளர் வராண்டாவுக்கே வந்து சமாதானம் பேசினார்.

"ஏம்மா, பெரிய மனுஷங்க பேருக்கு அலைவாங்களா? இதோ தொங்குறாரே எக்ஸ்ரே கண்டுபிடிச்சவர், அந்தக் கதிருக்கு அவர் பேரை வைக்கலாம்னு மத்தவங்க சொன்னப்போ, எக்ஸ்ரேன்னே இருக்கட்டும்னாராம்."

"வேணாம்னு சொல்றதுக்காவது அவருக்கு ஒரு வாய்ப்பு கிடைச்சுதே சார். என்னை யார் கேட்டாங்க?"

கண்காணிப்பாளர் எக்ஸ்ரேகாரரைப் பார்த்தார். அவரும் கைகொடுக்கவில்லை.

அன்றிலிருந்து கவர்னர் பட்டையை இடுப்பில் சுற்றிக்கொண்டே பணி செய்தார். அவர் வேலை நேரத்தில் நோயாளிகள் அலுங்காமல் புரண்டார்கள். ஷிப்ட் முடிந்ததும் பட்டை இடுப்போடு வீட்டுக்குப் போயிற்று. அடுத்த ஷிப்ட்காரர்கள் பழையபடி கையால் தூக்கி, பிடித்துக்கொண்ட இடுப்போடு கூனியபடியே கண்காணிப்பாளர் அறை வாசலில் நின்றார்கள். பட்டைக்குப் பெயர் தர ஆஸ்பத்திரி இறங்கி வந்தது.

வீட்டில் தையல் மிஷின் வைத்திருந்தவர் கவர்னருடைய நாத்தனார்.

"எழுத்து எவ்ளோ பெருசு வேணும் அண்ணி?"

"வராண்டால நின்னா தெரியணும்."

"கைப்பிடி ஓரத்துல சின்னதா போடட்டுமா?"

"கை பட்டே தேஞ்சுடும். நட்ட நடுவுல போடு. சிக்கனம் பண்ணாத, நூல் உங்க அண்ணன் காசு."

கெட்டிச் சிவப்பு நூலில், தொட்டால் கைக்குத் தட்டுப்படும்படி பெயர் எழுந்தது. கவர்னர் அன்று ஆணியைக்கூடப் பார்க்கவில்லை. இனி அது அவரைத் தேடி வரட்டும்.

பெயர் ஏறிய பட்டை முதலில் போனது ஜன்னலோரக் கட்டிலுக்கு. அங்கே இருந்த அம்மாள் ஒரு காலத்தில் ஏலக்கடையில் கூவிக் கூவி, ஓட்டைக் குடையைக்கூட விற்றவர். பக்கவாதம் வந்து இப்போது பேச்சு வரவில்லை. தினமும் அவரைப் பட்டையில் புரட்டினார்கள். அடிக்கடி உருவ வேண்டாமென்று பட்டையை அவர் முதுகுக்கடியிலேயே விட்டும் வைத்தார்கள்.

ஒரு காலை உடம்பு துடைத்துவிட அவரை ஒருக்களித்த கவர்னரின் கை அப்படியே நின்றது. முதுகில் சிவப்பாக அழுந்திப் பதிந்த எழுத்துகள். கண்ணாடியில் பார்ப்பதுபோல் திரும்பியிருந்தன. முதல் இரண்டு தெளிவாக; மூன்றாவதில் தோல் உரியத் தொடங்கியிருந்தது.

சொந்தப் பெயரை அச்சில் பார்க்க வேண்டுமென்பது கவர்னரின் நெடுநாள் ஆசை.

அந்த அம்மாள் தலையைத் திருப்பி அவரைப் பார்த்தார். ஊரையே கூப்பிட்ட குரல் உள்ளே எங்கேயோ கிடந்தது.

"பேச்சு வந்திருந்தா என்னைக் கிழிச்சிருப்பல்ல?" என்றார் கவர்னர், மெதுவாக. "கிழிக்கணும்டி."

களிம்பு தடவினார். பட்டையை எடுத்துக்கொண்டு துணி வைக்கும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கட்டு வெட்டும் கத்திரியின் நுனியால் தையலை ஒவ்வொன்றாகப் பிரித்தார். நாத்தனார் நூலில் சிக்கனம் பண்ணவில்லை, நேரமாயிற்று. பிரித்த இடத்தைக் கன்னத்தில் வைத்துத் தேய்த்துப் பார்த்தார். ஒரு முடிச்சு உறுத்தியது. அதையும் எடுத்தார்.

பட்டை மறுபடி ஜன்னலோரக் கட்டிலுக்குப் போயிற்று. தலைமை நர்ஸ் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அக்கா, பேர் எங்க?"

"துவைச்சதுல போயிடுச்சு சிஸ்டர். அந்தப் பக்கம் பிடிங்க, சும்மா நிக்காதீங்க."

மற்ற வார்டுகளுக்கான கித்தான் துணிக் கட்டு அன்று சாயங்காலம் நாத்தனாரின் மிஷின்மேல் இறங்கியது. அவர் சிவப்பு நூலைக் கோத்துக்கொண்டு காத்திருந்தார்.

"நூலை மாத்து," என்றார் கவர்னர். "வெறும் ஓரத் தையல் மட்டும் போதும்."

"ஏன் அண்ணி, பேர் வேணாமா?"

"உன் கையெழுத்து நல்லா இல்ல."