நின்று சுட ஒரு துப்பாக்கி

போசரியில் வால்வு செய்யும் பட்டறை ஒன்றில் சாந்தகுமாரிக்குப் பத்தொன்பது வருட சர்வீஸ். கடைசிப் பரிசோதனை அவள் பொறுப்பு. காற்றடைத்த வால்வைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கிக் குமிழி வருகிறதா என்று பார்க்க வேண்டும். வந்தால் வால்வு ஓரமாகப் போகும். வராவிட்டால் இன்னும் கொஞ்ச நேரம் பார்ப்பாள்.

வீட்டிலும் அப்படித்தான். பால் பாக்கெட்டைக் கவிழ்த்து அழுத்திப் பார்த்துத்தான் வாங்குவாள். காய்கறிக்காரன் "தாஜா மால்", புத்தம்புதுச் சரக்கு, என்று கூவினால், "அப்ப நேத்து இந்தக் கொத்தமல்லி எங்க இருந்துச்சு?" என்பாள்.

அவளுடைய அப்பா திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து ராணுவத் தளவாடத் தொழிற்சாலை வேலைக்காக மராத்திச் சீமைக்கு வந்தவர். அந்தத் தொழிற்சாலைப் பக்கம் தாபோடியில் பிறந்து வளர்ந்தும் அவள் துப்பாக்கியைத் தொட்டது முப்பத்தெட்டாவது வயதில்தான். பட்டறையின் விளையாட்டு வாரத்துக்கு ஹடப்சர் துப்பாக்கி சுடும் கிளப்பிலிருந்து காற்றுத் துப்பாக்கி கொண்டுவந்திருந்தார்கள். பத்து பலூனில் பத்தையும் உடைத்தாள். துப்பாக்கியில் ஏதோ சூது இருக்கிறது என்று வேறொன்று கேட்டு வாங்கி, மறுபடியும் பத்து உடைத்தாள். அடுத்த ஞாயிறு கிளப்பில் சேர்ந்தாள்.

நின்று சுடுவதுதான் அவளுக்குப் பிடிக்கும். காலை ஊன்றி மூச்சைப் பிடித்திருக்கும் அந்த நாலு நொடியில் மட்டும் யார்மேலும் எதன்மேலும் சந்தேகம் வராது. எட்டு வருஷமாக வாரம் முழுக்க அதற்காகத்தான் ஓட்டினாள். போன வருஷம் இடது தோள் இறுகிப்போனது. வைத்தியத்தில் முக்கால்வாசிதான் திரும்பியது. நீளத் துப்பாக்கியின் முன்பாரத்தை அந்தக் கை மூன்று குண்டுக்கு மேல் தாங்கவில்லை. மேஜையில் வைத்துச் சுடச் சொன்னார்கள். பேங்க் கவுன்ட்டரில் உட்கார்ந்து வேலை பார்ப்பது போலிருந்தது.

பட்டறையில் பேக்கிங் பிரிவில் இருக்கும் ஜானும் அதே கிளப்தான். ஒருநாள் டீ இடைவேளையில் செல்போனை நீட்டினான்.

"அக்கா, புது புல்பப். இந்த மாசம்தான் வந்திருக்கு. லைசென்ஸும் வேணாம்."

அதுவும் காற்றுத் துப்பாக்கிதான். ஆனால் விசைக்கு மேலே இருக்க வேண்டிய யந்திரத்தைப் பின்னால் தள்ளிக் கன்னத்தடியில் வைத்திருந்தார்கள். குழல் நீளம் குறையாமல் துப்பாக்கி மட்டும் ஒரு சாண் குட்டை. பாரம் தோளோடு ஒட்டிக்கொள்ளும், முன்கைக்கு வேலை குறைவு. சாந்தகுமாரி வீடியோவை மூன்று தடவை பார்த்தாள்.

"சுடுற ஆளையும் காட்டுறான், போர்டையும் காட்டுறான். ரெண்டையும் சேத்து ஏன் காட்டல?"

"ஓட்டையெல்லாம் பென்சில்ல குத்துனதுங்கிறீங்களா?"

"நான் சொல்லல. நீதான் சொல்ற."

ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போனார்கள். கிளப்பை ஒட்டிய கடை. பின்னால் பத்து மீட்டர் ரேஞ்சும் உண்டு. கடைக்காரர் தாம்லே துப்பாக்கியை இரண்டு கையாலும் ஏந்திக் கொடுத்தார். அவள் தோளில் வைக்கவில்லை. காற்றுச் சிலிண்டரைப் பார்த்தாள். இருநூறு பார் அழுத்தம், கன்னத்துக்கு நாலு விரல் தள்ளி.

"கொஞ்சம் சோப்புத் தண்ணி கிடைக்குமா?" என்று மராத்தியில் கேட்டாள். தடவினால் கசிகிற இடத்தில் குமிழி வரும்.

"மேடம், இது துப்பாக்கி. தோய்க்கிற துணி இல்ல," என்றார் அவரும் மராத்தியில்.

சோப்புத் தண்ணீர் கிடைக்கவில்லை. காற்றை நிரப்பச் சொல்லி, அழுத்தமானியின் முள் நின்ற இடத்தில் பேனாவால் கோடு போட்டாள். நிரப்பும் வாயின் மேல் காகிதம் ஒட்டிக் கையெழுத்திட்டாள். "அடுத்த வாரம் வர்றேன்."

அடுத்த வாரம் முள் மயிரிழைகூட நகரவில்லை. காகிதமும் கலையவில்லை. ஜான் கைதட்டினான். அவள் முகம் சுருங்கியது.

"முள்ளு சிக்கிட்டிருந்தா?"

மேஜையில் வைத்து முப்பது குண்டு சுட்டாள். முள் ஒழுங்காக இறங்கியது. முப்பதும் ஒரு ரூபாய் நாணயத்துக்குள் அடங்கின. மூன்றாவது வாரம் பூதக்கண்ணாடி கொண்டுபோய், சிலிண்டரில் பொறித்த பரிசோதனைத் தேதியையும் எண்ணையும் சான்றிதழோடு ஒப்பிட்டாள். பொருந்தின. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

"அக்கா, ஒண்ணு கேக்கட்டா?" என்றான் ஜான். "மூணு வாரமா எல்லாத்தயும் டெஸ்ட் பண்ணிட்டீங்க. ஒரு தடவயாச்சும் நின்னு சுட்டீங்களா?"

சாந்தகுமாரி பூதக்கண்ணாடியைப் பைக்குள் வைத்தாள். துப்பாக்கியில் குற்றம் இல்லையென்றால் மிச்சமிருப்பது தோள்தான் என்று அவளுக்குத் தெரியும். மூன்று வாரமாகத் துப்பாக்கியைச் சந்தேகப்பட்டாளா, தன் கையைச் சந்தேகப்படாமல் தப்பித்துக்கொண்டிருந்தாளா? இதிலும் முடியாவிட்டால் இனி எந்தத் துப்பாக்கியிலும் முடியாது.

"கொடுங்க," என்றாள் தாம்லேயிடம்.

கால் அகட்டி நின்றாள். முதல் குண்டு. இரண்டு. மூன்றாவதோடு கை உதறும் என்று காத்திருந்தாள், உதறவில்லை. ஆறாவதில் தோளுக்குள் எறும்பு ஊர்ந்தது. எட்டில் வலித்தது. ஆனாலும் குழல் நின்ற இடத்தில் நின்றது. பத்தாவதையும் சுட்டுவிட்டுத்தான் இறக்கினாள்.

போர்டில் ஏழு நடுவில். மூன்று கீழே வலப்பக்கம் ஓடியிருந்தன. தாம்லே "முதல் தடவைக்கு..." என்று ஆரம்பித்தார். அவள் காதில் வாங்காமல், குண்டு போடாத துப்பாக்கியைத் தடுப்புப் பலகையை நோக்கிப் பிடித்து விசையைப் பதமாக இழுத்தாள். மறுபடி இழுத்தாள். அவள் முகம் மலர்வதை ஜான் மூன்று வாரத்தில் முதல் தடவையாகப் பார்த்தான்.

"இந்தா இருக்கு! விசை கொழகொழன்னு இருக்கு. எங்க விடுபடுதுன்னே தெரியல."

தாம்லே தலையைச் சொறிந்தார். "யந்திரம் பின்னால இருக்குல்ல மேடம். விசையிலருந்து ஒரு நீளக் கம்பி போகுது. புல்பப்னா கொஞ்சம் அப்படித்தான்."

"முன்னாடியே சொல்லலியே?"

"நீங்க சோப்புதான கேட்டீங்க."

சாந்தகுமாரி சிரித்துவிட்டாள். இடது கையை மேலே தூக்கி, மடக்கி, நீட்டிப் பார்த்தாள். வலி இருந்தது. கை நடுங்கவில்லை.

"பில் போடுங்க."

"ஐயோ அக்கா," ஜான் பதறினான். "நல்லா இருந்தவரைக்கும் வேணாம்னீங்க. குறைய கண்டுபிடிச்சதும் வாங்குறீங்க?"

"இப்பத்தாண்டா அது என்னான்னு தெரிஞ்சிருக்கு. விசைய என் விரல் பழகிக்கும். மூணு குண்டுதான் ஓடுது, ஏழு நிக்குது. நான் நின்னுக்கிட்டுல்ல சுட்டேன்?"

அடையாள அட்டையின் நகலை வாங்கிக்கொண்டு, தாம்லே கடையின் மாதிரித் துப்பாக்கியை ஓரமாக வைத்துவிட்டு, அலமாரியில் அடுக்கியிருந்த பெட்டிகளில் மேலே இருந்ததை எடுத்தார்.

"அது வேணாம்," என்றாள் சாந்தகுமாரி. "அடியில இருக்கிறத எடுங்க."