மூச்சை விட்ட பிறகு வந்த அளவு

பெரியவளே, சின்னவனே, பள்ளிக்கூடத்தில் உங்களைச் சுவரோடு நிறுத்தி உயரம் பார்ப்பார்கள், எடை பார்ப்பார்கள். வளர்ந்து ஆளான பிறகு நாமாகப் போய் நின்றால்தான் உண்டு. நான் போய் நிற்காமல் தள்ளிப்போட்டதை உங்களிடம் சொல்லியாக வேண்டும்.

வெங்காயப் பேட்டையில் மூட்டை எடை போடுகிறவனுக்குத் தன் எடை தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியும். ஆள் இல்லாத நேரத்தில் தராசில் ஏறிப் பார்ப்பேன். எழுபத்திநாலு கிலோ காட்டும். சாக்குக்கும் மண்ணுக்கும் மூட்டையில் கழிவு போட்டே பழகிய புத்தி, எனக்கும் கழிவு போட்டுக்கொள்வேன். செருப்பு, செல்போன், தின்ற இட்லி, வேட்டி, பச்சை பெல்ட் என்று ஐந்து கிலோவைத் தள்ளிவிட்டு, அறுபத்தொன்பதுதான் என்று இறங்கிவிடுவேன். அந்த பெல்ட்டைப் பத்து வருஷமாக ஒரே ஓட்டையில் மாட்டுகிறேன். இடுப்பு பெருக்கவில்லை என்பதற்கு வேறு என்ன சாட்சி வேண்டும் என்று இருந்தேன்.

உள்ளுக்குள் பயம்தான். சர்க்கரை முற்றி உங்கள் தாத்தாவின் வலது பாதத்தை எடுத்தபோது, ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போட்டவன் நான். எனக்கும் அது வந்திருக்குமோ என்று நினைப்பு வந்தாலே வேறு ஏதாவது வேலையில் புகுந்துகொள்வேன். "ஒருதடவ போய்ப் பாத்துட்டு வாங்களேன்" என்று உங்கள் அம்மா இரண்டு வருஷமாகச் சொன்னாள். போன தீபாவளி சமயத்தில், "பாத்துட்டேன், எல்லாம் சரியா இருக்காம்" என்று சொல்லிவிட்டேன். பார்க்கவே இல்லை.

சென்ற மாதம் சுகாதார நிலையத்து நர்ஸ் பேட்டைக்கே வந்துவிட்டார். ஒரு மேசை, ஒரு எடை மெஷின், சுவரில் ஒட்டிய உயர அளவு. எல்லோரும் வரிசையில் நின்றோம். எனக்குப் பின்னால் லோடு ஏற்றும் என் கூட்டாளி.

"ஏலே, எடை போடுறவனுக்கே இன்னைக்கு எடையா!" என்றான். "சிஸ்டர், இவனுக்கு மட்டும் கழிவு குடுத்துராதீங்க."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு முன்னால் இரண்டு பேர்தான் பாக்கி.

"வண்டி வந்துருக்கும், செத்த நேரத்துல வாரேன்" என்று நழுவப் பார்த்தேன். அவன் என் சட்டையைப் பிடித்துக்கொண்டான். "வண்டி எங்கிட்டும் ஓடிப்போகாது. நில்லுடா."

சுவரோடு நிறுத்தினார்கள். நூற்று அறுபத்தைந்து சென்டிமீட்டர். மெஷினில் ஏறினேன். "தங்கச்சி, ஒரு அஞ்சு கிலோ கழிச்சுக்கங்க. பெல்ட்டு, செல்லு எல்லாம் இருக்கு."

"எல்லாத்தையும் கழட்டி வச்சுட்டு ஏறுங்கண்ணே."

எழுபத்திமூணு. ஒரு கிலோதான் குறைந்தது. இறங்கி பெல்ட்டை மறுபடி மாட்டிக்கொண்டேன். எடையை மீட்டர் கணக்கிலான உயரத்தால் இரண்டு தடவை வகுப்பார்களாம். "இருபத்தேழு கிட்ட வருதுண்ணே. நமக்கெல்லாம் இருபத்திமூணுக்குள்ள இருந்தா நல்லது."

"மூட்டை தூக்குன உடம்பு தங்கச்சி, சதைப்பிடிப்பாத்தான் இருக்கும்."

"அதுக்குத்தான் இடுப்பையும் பாக்குறோம். சட்டையத் தூக்குங்க."

"இடுப்பு முப்பத்திநாலு இஞ்சு. பெல்ட்டப் பாருங்க, பத்து வருசமா ஒரே ஓட்ட."

"பெல்ட்டு வயித்துக்குக் கீழ போய் உக்காந்துருச்சுண்ணே. வயிறு அதுக்கு மேலல்ல இருக்கு!"

பேட்டையே சிரித்தது. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவே நர்ஸ் டேப்பைச் சுற்றினார். நான் வயிற்றை எக்கி மூச்சைப் பிடித்துக்கொண்டேன். அவர் அளவைப் படிக்கவில்லை. டேப்பைப் பிடித்தபடி காத்திருந்தார்.

"மூச்ச விடுங்கண்ணே."

"விட்டுட்டேன்."

"விடல."

காது அடைத்தது. நெற்றி வேர்த்தது. இன்னும் கொஞ்சம் பிடித்தால் படித்துவிடுவார் என்று நினைத்தேன். அவர் படிக்கவில்லை. என்னால் முடியவில்லை, விட்டேன். அவர் விரலுக்கடியில் டேப் நழுவுவது எனக்கே தெரிந்தது.

"தொண்ணூத்தெட்டு சென்டிமீட்டர். ஆம்பளைக்குத் தொண்ணூறுக்குள்ள இருக்கணும். வீட்ல யாருக்காச்சும் சர்க்கரை உண்டாண்ணே?"

"அப்பாவுக்கு" என்றேன். என் கூட்டாளிக்கு அந்தக் கதை தெரியும். அவன் சிரிப்பு நின்றுவிட்டது.

"நாளைக்குக் காலைல வெறும் வயித்தோட சுகாதார நிலையத்துக்கு வாங்க. ரத்தம் எடுத்துப் பாத்துருவோம்."

மறுநாள் உங்கள் அம்மாவிடம், சரக்கு சீக்கிரம் வருகிறது என்று இன்னொரு பொய்யைச் சொல்லிவிட்டுப் போனேன். ரத்தம் எடுத்த பிறகு பெஞ்சில் உட்கார்ந்திருந்த நேரம், தாத்தாவின் ஆபரேஷன் அறைக்கு வெளியே உட்கார்ந்திருந்த நேரத்தைவிட நீளமாக இருந்தது. நர்ஸ் கூப்பிட்டதும் எழுந்து போனேன்.

"சர்க்கரை வந்துரலண்ணே. ஆனா எல்லைக்கிட்ட நிக்கிறீங்க. வயித்தக் குறைங்க, தள்ளிப்போகும். மூணு மாசத்துல திரும்ப வாங்க."

எடை, இடுப்பு, சர்க்கரை மூன்றையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். வீட்டுக்கு வந்தபோது நீங்கள் பள்ளிக்கூடத்தில். அம்மா ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். தாளை எடுத்து, தொடைமேல் வைத்து மடிப்பு போகத் தேய்த்தேன். பிறகு காலண்டர் தொங்கும் ஆணியில், அவள் பார்வையில் படுகிற மாதிரி, அதைக் குத்தி வைத்தேன்.