சங்கு ஊதியதும் எழுந்த பிணம்

நான் மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒதுங்காதவன். அதனால் எங்கள் எஸ்டேட் நாடகத்தில் எனக்கு எப்போதும் சாகிற வேஷம்தான். வசனம் படிக்க வேண்டாம், வெட்டுப்பட்டு விழுந்தால் போதும். நன்றாக விழுவேன்.

நடுவட்டத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் எஸ்டேட்டுக்குச் சினிமாக்காரர்கள் வந்தார்கள். தோட்டத்து ஆட்கள் நாடகம் போட்டுச் சொதப்புகிற சிரிப்புப் படமாம். சொதப்ப ஆள் வேண்டும் என்றதும் ஊரே எங்களைக் கைகாட்டியது. எனக்குச் செத்த ராஜா வேஷம். கதாநாயகன் என் நெஞ்சில் விழுந்து அழுவார், கேமரா என் மூஞ்சிக்கு நேராக நிற்கும். டீக்கடை முதல் பஸ் வரை ஒருத்தரையும் விடாமல் சொல்லிவிட்டேன். கண்டக்டர் மட்டும், முதலில் டிக்கெட்டை வாங்கு என்றார்.

என் மனைவி தேயிலைக் கொழுந்து பறிக்கிறவள். அன்றைக்கு அவளும் மற்ற பெண்களும் லீவு போட்டுவிட்டு, நாடகம் பார்க்கிற கூட்டமாக மேடைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள்.

"ஏனுங்க, அசையாம கெடங்க. ஊரெல்லாம் சொல்லி வெச்சிருக்கீங்க. படத்துல இருந்து உங்களைத் தூக்கிட்டாங்கன்னா நான் தலைகாட்ட முடியாது" என்றாள்.

பள்ளத்திலிருந்து பனி ஏறிக்கொண்டிருந்தது. ஒரே தடவைதான் எடுக்க முடியும் என்று டைரக்டர் கைகூப்பிக் கேட்டுக்கொண்டார். நான் செத்தேன். கதாநாயகன் அழுத கண்ணீர் நேராக என் காதுக்குள் இறங்கியது. அப்படியொரு கூச்சம். பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன்.

அப்போது ஃபேக்டரி சங்கு ஊதியது.

எங்கள் எஸ்டேட்டில் அந்தச் சங்கு ஊதினால் கொழுந்து எடை போடும் நேரம். பிந்தினால் வரிசையில் கால் கடுக்க நிற்க வேண்டும். பெண்கள் அத்தனை பேரும் எழுந்தார்கள், சேலையை உதறினார்கள், எடைக் கொட்டகைக்கு நடந்தார்கள். லீவு என்பது ஒருத்திக்கும் ஞாபகமில்லை. அவர்களைச் சொல்லி என்ன? பிணமும் எழுந்துவிட்டது. "தள்ளுங்க தம்பி, நேரமாச்சு" என்று கதாநாயகனை ஒதுக்கிவிட்டு, கிரீடத்தோடு நானும் ஓடினேன்.

கொட்டகை வாசலில் என் மனைவி என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"செத்த ஆளு எதுக்கு இங்க வந்தீங்க?"

"உன் மூட்டையத் தூக்கத்தான்."

"மூட்டை எங்கீங்க?"

அப்போதுதான் எனக்கு லீவு ஞாபகம் வந்தது. திரும்பிப் பார்த்தால் மேடையே தெரியவில்லை, பனி மூடிவிட்டது. போச்சு, இனி எந்த மூஞ்சியோடு பஸ்ஸில் ஏறுவது, நடந்துதான் போகவேண்டும் என்று நினைத்தேன். டைரக்டர் மூச்சிரைக்க ஓடி வந்தார். திட்டுவதற்கு முன் கொடுத்துவிடலாம் என்று கிரீடத்தைக் கழற்றி நீட்டினேன். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"அண்ணே, நான் கேமராவ நிறுத்தவே இல்ல" என்றார்.

படம் வெளிவந்தது. ஊட்டி தியேட்டரில் அந்த இடம் வந்ததும் நான் சீட்டு நுனிக்கு நகர்ந்தேன். திரை முழுக்க என் மூஞ்சி. சங்கு ஊதியது. ராஜா எழுந்தார். சனம் சீட்டைத் தட்டித் தட்டிச் சிரித்தது. என் மனைவி மட்டும் சிரிக்கவில்லை. பக்கத்து சீட்டில் இருந்த, முன்பின் தெரியாத அம்மாவின் தோளைத் தொட்டுச் சொல்லிக்கொண்டிருந்தாள்:

"அவரு எனக்கு மூட்டை தூக்கத்தானுங்க எந்திரிக்கிறாரு."