மாப்பிள்ளைக்குக் களியா?

அறுபதுகளில் ஒரு தீபாவளிக்கு, திண்டிவனத்திலிருந்து மகளும் மாப்பிள்ளையும் எங்கள் விழுப்புரம் வீட்டுக்கு வந்திருந்தார்கள்.

இலை போட்டதும் மாப்பிள்ளை, "அத்தை, எனக்குக் கொஞ்சம் கேப்பைக் களி போதுங்க" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. கழனி ஆட்களுக்குக் கிண்டும் களியை மாப்பிள்ளைக்குப் போட்டால் தெரு சிரிக்காதா? ரோஷத்தில் நெல்லுச்சோற்றைக் குவித்து, அதிரசத்தை அடுக்கினேன். தலைகுனிந்தபடி அத்தனையும் சாப்பிட்டார்.

சாயங்காலம் சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்துவிட்டுத் துவண்டு படுத்துவிட்டார். மகள் அழுதாள்.

"போன மாசந்தாம்மா அவருக்குச் சக்கரைன்னு கண்டுபுடிச்சாங்க. சோத்தக் கொறைக்கணுமாம், இனிப்பு கூடவே கூடாதாம். நான் சொல்ல வந்தப்போ, அத்தை மனசு நோவும்னு கண்ணக் காட்டிட்டாரு."

டாக்டர் வந்து ஊசி போட்டபிறகுதான் தெளிந்தார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கவே கூசியது.

மறுநாள் தலைவாழை இலையில் அளவாகக் களியும் நிறையக் கீரையும் வைத்தேன். எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரி, "மாப்ளைக்கா களி?" என்றாள்.

"ஆமா, எம் மாப்ளைக்குத்தான்!"

அவர் சிரித்தார். அப்புறம் எல்லாத் தீபாவளிக்கும் அதே களிதான். இப்போது அவர் மடியில் அவருடைய பேரன் விளையாடுகிறான்.