சாருக்குக் கொடுத்த புளியமரம்

மண்டலக் கோப்பையோடு நாங்கள் வந்து இறங்கிய நாளிலிருந்து கல்லூரியில் ஒரே பேச்சுதான். கூடைப்பந்து கோச் சார் இருப்பாரா, போய்விடுவாரா? கேன்டீனில் டீ ஆற்றுகிறவரில் இருந்து பியூன் வரை ஆளுக்கொரு ஜோசியம் சொன்னார்கள். சென்னையில் பெரிய கல்லூரி ஒன்று அவரைக் கூப்பிட்டிருக்கிறதாம். மரத்தளம் போட்ட உள்ளரங்கமாம், நிரந்தர வேலையாம். எங்களிடம் இருந்ததோ விரிசல் விட்ட சிமென்ட் தரையும் வலை கிழிந்த வளையமும்.

மற்றவர்களுக்கு அது பொழுதுபோக்கு. எனக்கோ என் படிப்பே அதில் தொங்கியது. எல்லாம் என் அப்பாவால்தான். புதூர்நாட்டுப் பக்கத்து மலை ஊரிலிருந்து ஒரு பெண் அடிவாரத்தில் விடுதியில் தங்கி, அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு பந்து விளையாடுவது லேசுப்பட்ட காரியமா? சார் ஜீப் பிடித்து எங்கள் வீட்டுக்கு வந்து, சாமைச் சோறு சாப்பிட்டு, கெஞ்சாத குறையாகப் பேசிய பிறகுதான் அப்பா சம்மதித்தார். அதிலும் ஒரு கொக்கி வைத்தார்.

"அந்த சார நம்பித்தான் அனுப்புறேன். அவரு இருக்கற வரிக்கும் படி. அவரு போய்ட்டா நீயும் வூட்டுக்கு வந்துடணும்."

என் அத்தை மகன் வேறு, மாப்பிள்ளைக் கனவில் புது பைக்கைத் துடைத்துத் துடைத்து வைத்துக்கொண்டிருந்தான்.

சாரிடம் நேராகக் கேட்டால் சிரிப்பார். "மொதல்ல பந்த ஒழுங்கா கூடையில போடும்மா, அப்புறம் என் ஜாதகத்தப் பார்க்கலாம்" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் அந்தக் காலைகளை இப்போது நினைத்தால் ஏக்கமாக இருக்கிறது. விசிலைத் தொலைத்துவிட்டு அவர் கை தட்டியே எங்களை ஓடவிட்டது, ஓடி முடித்ததும் சட்டைப்பையில் உருகிப்போன கடலை மிட்டாயைப் பிய்த்துப் பிய்த்துக் கொடுத்தது, எதுவும் மறக்கவில்லை.

அவரை எப்படியாவது பிடித்து வைக்க வேண்டும். யோசித்து யோசித்து நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். வெளியூர்க்காரர் ஒருவரை எங்களோடு வைத்துக்கொள்ள ஆசைப்பட்டால், எங்கள் ஊரில் அவருக்கு ஒரு புளியமரம் கொடுப்பார்கள். நிலம் எங்களுடையது, மரத்தின் பழம் அவருடையது. வேறு யாரும் அதை உலுக்கமாட்டார்கள். மரம் வாங்கியவர் எங்களில் ஒருவர், ஊர்க் கூட்டத்தில் அவர் பேச்சும் எடுபடும். அப்படி வாங்கிய யாரும் ஊரை விட்டுப் போனதில்லை.

அப்பாவை நச்சரித்தேன். அவருக்கும் சார் மேல் பிரியம்தான். மாசியில் எங்கள் அணியையே ஊருக்குக் கூப்பிட்டு விருந்து போட்டார். மரத்தில் மஞ்சள் துணி கட்டி, "இது உங்க மரம் சார்" என்றார். சாருக்குத் தலைகால் புரியவில்லை. மரத்தைக் கட்டிப்பிடித்து செல்ஃபி எடுத்துக்கொண்டார். மாட்டிக்கிட்டார் மனுஷன் என்று எனக்குள் ஒரே கும்மாளம். வாங்கினால் போகக்கூடாது என்று அவரிடம் யாருமே சொல்லவில்லை. அதைச் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை.

கோடை விடுமுறைக்கு முன்னால், சென்னைக்குப் போவதாக மைதானத்தில் எங்களிடம் சொன்னார். எனக்கு வந்ததே ஒரு கோபம்.

"மரத்த வாங்கினு போறேன்றீங்களே, இன்னா சார் நியாயம் இது?"

அவர் விழித்தார். மரத்தின் கதையையும் அப்பாவின் கொக்கியையும் அழுதுகொண்டே கொட்டித் தீர்த்தேன். அவர் முகம் சுண்டிப்போனது. "இங்க வருஷா வருஷம் வேலை இருக்குமா, இருக்காதான்னு வாசல்ல நிக்கணும்மா. என் குடும்பம் அங்க இருக்கு" என்றார். பந்தை என் கையில் கொடுத்து, "ஞாயித்துக்கிழமை உங்க அப்பாவப் பார்க்க வரேன்" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊருக்கு வந்தார். அப்பா அவர் முகத்தைப் பார்க்காமலே மரத்தடியில் உட்கார்ந்திருந்தார்.

"நீங்க போறீங்க சார். எங்க பேச்சு பேச்சுதான். இவ வந்துடட்டும்."

"மரம் இன்னும் என்னுதுதானுங்களே?"

"குடுத்தத திருப்பி வாங்கற வழக்கம் இங்க இல்லீங்க."

"அப்ப நான் இந்த ஊர்க்காரன். ஊர்க்காரனா சொல்றேன், பொண்ணு படிக்கட்டும்."

அப்பா அவரையே முறைத்தார். பிறகு பொங்கிப் பொங்கிச் சிரித்தார். "அட, ஆளு கெட்டிதான்! சரிங்க. ஆனா ஊர்க்காரருன்னா, மாசிக்கு மாசி நீங்களே வந்து உலுக்கணும். வராத வருஷம் இவ வூட்டுக்கு வந்துடுவா."

நான் பட்டம் வாங்கும்வரை சார் ஒரு மாசியைக்கூடத் தவறவிடவில்லை. ஒருமுறை காய்ச்சலோடு, கம்பளியைப் போர்த்திக்கொண்டு வந்து கிளையை உலுக்கினார். அவர் ஜீப்பை விட்டு இறங்குவதைப் பார்க்கும்வரை அந்த நாட்களில் எனக்குச் சோறு இறங்காது.

இப்போது நான் மலையிலேயே ஒரு பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. அத்தை மகன் வேறு பெண்ணைக் கட்டி, பைக்கையும் விற்றுவிட்டான். படிப்புதான் முடிந்துவிட்டதே, இனி வர வேண்டியதில்லை என்று அப்பா சாரிடம் சொல்லவே இல்லை. சாரும் கேட்கவில்லை. இந்த மாசியிலும் மரத்தின் மேல் நின்றுகொண்டிருந்தார். கீழே சாக்கை விரித்துக்கொண்டு அப்பா கத்தினார்.

"வயசாவுது சார், பார்த்து எறங்குங்க. அடுத்த வருஷமும் நீங்கதான் உலுக்கணும்!"